கோழி பொரித்த மெஷினும் ஒரு சைவ விருந்தும்

கோழி இறக்கை பொரித்த ஏர் ஃபிரையர் சைவமா, அசைவமா?

சிரிக்காதீர்கள். போன வாரம் எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு பட்டிமன்றமே நடந்தது. நடுவர் இல்லை, கைதட்டல் இல்லை. ஆனால் தோற்றால் கைவிட்டுப் போகப்போவது என் மகளின் கல்யாணம்!

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் காவ்யா. அவள் மனதுக்குப் பிடித்த பையன் தினேஷ். இருவரும் ஒரே அலுவலகம். தங்கமான பையன். எங்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவான். இதற்கு மேல் ஒரு மாமியாருக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள்?

சிக்கல் பையனிடம் இல்லை. பையனின் அம்மாவிடம். பெயர் சிவகாமி. சிங்கப்பூரின் வடகோடியில், மார்சிலிங்கில் இருக்கிறார். கணவர் இல்லை, ஒற்றை ஆளாக நின்று மகனை வளர்த்து ஆளாக்கியவர். சுத்த சைவம். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம்! கேக்கில் முட்டை வாசம் வந்தாலே தட்டைத் தள்ளி வைத்துவிடுவாராம். அசைவம் சமைக்கிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாராம். எல்லாம் தினேஷ் சொல்லித் தெரிந்துகொண்டது.

நாங்களோ... எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சைவம். அதுவும் ஆபீஸ் மதிய விருந்து எதுவும் வராத வெள்ளிக்கிழமை.

"ஆன்ட்டி, அம்மா ஞாயித்துக்கிழமை வந்து பாக்கிறேன்னு சொல்லிட்டாங்க. ஆனா சாப்பாடெல்லாம் வேண்டாமாம்," என்றான் தினேஷ் போனில்.

முதல் வாக்கியத்தில் துள்ளிய மனசு, இரண்டாவது வாக்கியத்தில் பொத்தென்று விழுந்தது.

ஏன் என்று உங்களுக்கே தெரியும். நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிவான மாதிரி. மனசு ஒப்பவில்லை என்றால், 'இப்பத்தான் சாப்பிட்டு வந்தோம்' என்று நழுவிவிடுவார்கள். பெண்ணை வேண்டாம் என்று யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. சோற்றை வேண்டாம் என்பார்கள். மீதியை நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

"மா, ப்ளீஸ் லா! எப்படியாவது ஆன்ட்டிய சாப்பிட வெச்சிடு. ஒரு வாய் போதும்," என்று காவ்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆபீசில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிற பெண். அன்றைக்குக் குரல் நடுங்கியது. எனக்கும்தான்.

சரி, ஒரு கை பார்த்துவிடுவோம் என்று முடிவெடுத்தேன்.

இங்கேதான் என் வீட்டுக்காரர் உள்ளே வருகிறார். கூடவே அவருடைய ஏர் ஃபிரையர்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சில பேர் கோயில் கமிட்டியில் சேர்வார்கள். சில பேர் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே தை சி உடற்பயிற்சி பழகுவார்கள். இவர் ஏர் ஃபிரையர் வாங்கினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பொருளுக்கும் பாதுகாப்பு இல்லை. உருளைக்கிழங்கு உள்ளே போனது. வெண்டைக்காய் போனது. பாகற்காய் போனது. நேற்று மீந்த பராட்டா போனது. எல்லாம் மொறுமொறுவென்று திரும்பி வந்தன என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு மழை நாளில், நனைந்த சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மெஷினையே யோசனையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் சாக்ஸ் கொடிக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை என்றால் கோழி இறக்கை. மஞ்சள், மிளகாய்த்தூள், கொஞ்சம் தயிர், கடைசியில் ரகசியமாக ஏதோ ஒரு தூள். வாசம் காரிடார் முழுக்கப் போகும். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி, "வாஹ், ஸோ நைஸ் ஆ!" என்று ஜன்னல் வழியாகவே தலையை நீட்டுவார். இவருக்கு அன்றைக்கெல்லாம் கால் தரையில் பாவாது.

நான் என் ஏற்பாட்டைத் தொடங்கினேன். இறைச்சி பார்த்த சட்டி, கரண்டி, தட்டு எல்லாவற்றையும் அள்ளி பாம் ஷெல்ட்டருக்குள் அடைத்தேன். எங்களைப் போல குவீன்ஸ்டவுனில் புதிதாகக் கட்டிய புளோக்கில் இருப்பவர்களுக்குத் தெரியும். போர் வந்தால் ஒளிந்துகொள்ள வீட்டுக்குள்ளேயே கட்டிக் கொடுத்த இரும்புக் கதவு போட்ட அறை. எல்லார் வீட்டிலும் அதில் ஒளிந்திருப்பது அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும்தான்.

அடுத்து, சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைக்குப் போய்ப் புத்தம்புது மல்டி குக்கர் வாங்கினேன். சோறு, பருப்பு, சூப், கேக், தயிர்... ஒரே பானையில் எல்லாம் ஆகும் என்றார் கடைக்காரர். எனக்கு வேண்டியது அதுவல்ல. வாழ்க்கையில் ஒரு மீன் முள்ளைக்கூடப் பார்க்காத ஒரு பானை வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால்... முகப்பில் வரிசையாகப் பொத்தான்கள். ஒவ்வொன்றிலும் ஒரு படம். சோற்றுக் கிண்ணம், சூப் கிண்ணம், அப்புறம் ஒரு கோழி. கோழிக்குப் பக்கத்தில் லட்சணமாக ஒரு மாடு!

பார்த்தீர்களா விதியை? சைவம் என்று நம்பி வாங்கி வந்தால், நெற்றியிலேயே மாட்டை ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

புதுச் சாமானுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது நம் வழக்கம்தானே? வைத்தேன். பிளக்கைப் போட்டுவிட்டு, கோழிக்கு ஒரு சின்னப் பொட்டு. மாட்டுக்குக் கொஞ்சம் பெரிதாக. ஈரச் சந்தனம் பட்டதும் மெஷின் 'பீப்' என்றது. மாட்டிறைச்சி வேகிற நேரத்தைத் திரையில் காட்டிக்கொண்டு வெறும் பானையோடு ஓட ஆரம்பித்துவிட்டது. அலறிப் புடைத்துக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினேன்.

சனிக்கிழமை மதியம் பட்டிமன்றம். ஏர் ஃபிரையரிலிருந்து அந்த வாரத்துக் கோழி இறக்கை அப்போதுதான் வெளியே வந்திருந்தது. மெஷின் சூடுகூட ஆறவில்லை.

"நாளைக்கு என் உருளைக்கிழங்கு ரோஸ்ட் இதுல வைக்கிறேன்," என்றார் இவர்.

"நல்லா இருக்கே கதை! இப்பத்தானே அதுல கோழி எடுத்தீங்க? அடுப்புல செய்ங்க."

"அடுப்புல யாரு வேணாலும் செய்யலாம். கூடையைக் கழுவிட்டா போச்சு."

"கூடையைக் கழுவலாம். உள்ள சுத்துற ஃபேனு? அந்தச் சுருள் கம்பி? இத்தனை மாசமா கோழி மேல பட்டுப் பட்டுச் சுத்துன காத்து? காத்தைக் கழுவ முடியுமாங்க?"

"காத்துக்கு ஏதுமா சைவம் அசைவம்?"

இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா? யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். கோழிக்கு ஒரு சட்டி, சாம்பாருக்கு ஒரு சட்டி என்று நம் சமையலறையில் தெளிவாக ஒரு கோடு இருந்தது. இந்த மெஷின்கள் வந்து எல்லாவற்றையும் ஒரே வயிற்றில் போட்டுக்கொண்டன. கோட்டை எங்கே போடுவது என்று நாம்தான் ஆளுக்கொரு பக்கம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கடைசியில் நான் கையை உயர்த்திக் கட்டளை போட்டேன். ஏர் ஃபிரையர் பாம் ஷெல்ட்டருக்கு! இவர் உடனே, "சரிம்மா," என்றார். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு சீக்கிரம் இவர் எதற்கும் சரி சொன்னதில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிறு காலையில் நானும் காவ்யாவும் வாழையிலை வாங்க தேக்கா சந்தைக்குப் போனோம். திரும்பி வந்தால் வீடெல்லாம் கமகமவென்று மஞ்சள் வாசம். இவருடைய உள்ளங்கை இரண்டும் மஞ்சள். தைப்பூசத்துக்கு விரதம் தொடங்கும்போது மஞ்சள் தண்ணீரில் வீட்டைத் துடைப்போமே, அப்படித் துடைத்து வைத்திருக்கிறார் என்று நினைத்து உருகிப் போனேன். "பாத்தியா, உங்கப்பாவை!" என்று காவ்யாவிடம் பெருமை வேறு.

சிவகாமி அம்மாள் தினேஷோடு சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். கைத்தறிப் புடவை, இறுகப் பின்னிய கொண்டை. சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். நான் பளபளவென்று புது டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினேன்.

"இருக்கட்டுங்க மேடம்," என்று சொல்லி, கைப்பையிலிருந்து தன்னுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார்.

காவ்யா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். தண்ணீருக்கே இந்தக் கதி என்றால் சாம்பாருக்கு என்ன கதி?

"பொண்ணு சமைக்குமா?" என்று கேட்டார்.

"மல்டி குக்கர் சமைக்கும் ஆன்ட்டி. நான் பட்டன் அமுக்குவேன்," என்றாள் என் அருமை மகள். உண்மையைச் சொல்ல எத்தனையோ நல்ல நாள் இருக்கிறது. இந்த நாள்தானா கிடைத்தது?

சிவகாமி அம்மாளின் புருவம் லேசாக ஏறியது. நான் பேச்சை மாற்றுவதற்குள் சமையலறையிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம்.

விளக்கு போனது. ஃபேன் நின்றது. ஏர்கான் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. எங்கள் வீட்டில் கேஸ் கிடையாது. அடுப்பே மின்சாரத்தில் ஓடுவது. ஆகவே ரசம் பாதியில் நின்றது. பருப்பை வயிற்றில் வைத்துக்கொண்டு மல்டி குக்கர் மூடியை இறுகப் பூட்டிக்கொண்டது.

"ஒண்ணுமில்ல, மெயின் டிரிப் ஆயிருச்சு," என்று இவர் சமையலறையிலிருந்து அசட்டுச் சிரிப்போடு ஓடிவந்து வாசல் பக்கம் இருந்த சுவிட்சைத் தூக்கினார். மறுபடி 'டப்'. இன்னொரு தடவை தூக்கினார். 'டப்'.

நம் ஊர் மதிய வெயிலில் ஃபேன் இல்லாத ஹாலை நினைத்துப் பாருங்கள். சிவகாமி அம்மாள் மேசையில் கிடந்த பேப்பரை மடித்து விசிறிக்கொண்டார். பத்திரிகையில் நான் எழுதுகிற பத்தி வந்த பக்கம். இத்தனை வருஷமாக எழுதுகிறேன்... ஒருவருக்கு நேரடியாகப் பயன்பட்டதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

நான் இவரை இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் பாய்ந்தேன்.

"என்னங்க பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல."

"அப்ப அந்தத் துண்டுக்குள்ள என்ன?"

மேடையில் ஒரு பூத்துவாலை எதையோ மூடிக்கொண்டிருந்தது. இழுத்தேன். உள்ளே ஏர் ஃபிரையர்! பாம் ஷெல்ட்டரிலிருந்து தப்பி வந்திருக்கிறது. அதன் அடியிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டியது மேடையில் ஓடி, தரையில் இறங்கி, மெதுவாக ஊர்ந்து, சமையலறை வாசல் பக்கம் போய் நின்றது. அங்கே இரண்டு பாதங்கள்.

சிவகாமி அம்மாள். அவருக்குப் பின்னால் காவ்யாவும் தினேஷும்.

"இது என்னங்க, மஞ்சளா ஒழுகுது?"

இவருக்குப் பொய் சொல்ல வராது. எத்தனையோ நாள் வேண்டிக்கொண்டிருக்கிறேன், வரவே வராது.

"குளிப்பாட்டினேங்க," என்றார்.

"எதை?"

"ஏர் ஃபிரையரை. நேத்து இதுல கோழி வெச்சேங்க. ஆனா என் உருளைக்கிழங்கு ரோஸ்ட்டை நீங்க ஒரு வாய் சாப்பிட்டுப் பாக்கணும்னு ஆசை. விரதத்துக்குப் பாத்திரமெல்லாம் மஞ்ச தண்ணியில கழுவுவோம்ல... அதான் இதையும் கவுத்து வெச்சு, உள்ள வெளியன்னு நல்லா ஊத்திக் கழுவிட்டேன். அப்புறம் ஹேர் டிரையர் போட்டுக் காய வெச்சேன். காஞ்சிருச்சுன்னுதான் நெனச்சேன்."

கோழி என்ற வார்த்தை காதில் விழவே கூடாது என்று வீட்டையே புரட்டிப் போட்டேன். இவர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். போச்சு! எல்லாம் போச்சு. காவ்யாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் தினேஷ் உதவிக்கு வந்தான். வராமல் இருந்திருக்கலாம்.

"மா, அங்கிள் சுத்தமா கழுவிருப்பாரு லா. அது நான்ஸ்டிக். சிக்கன் விங்ஸ் வெச்சாகூட அடியில ஒட்டவே ஒட்டாது."

சிவகாமி அம்மாள் மெதுவாகத் திரும்பினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

ஐயோ! அந்தக் கோழி இறக்கைக்கு எங்கள் வீட்டில் முதல் ரசிகனே அவன்தான். எலும்பைக்கூட விட்டுவைக்காத ரசிகன். அம்மாவுக்கு மட்டும் தெரியாது.

"வீடியோல... வீடியோல பார்த்தேன் மா."

அந்த அம்மாள் மேடைப் பக்கம் வந்தார். மல்டி குக்கரைப் பார்த்தார். "இதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய பொட்டு?" என்று கேட்டபடி, காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். பொட்டு அப்படியே பெயர்ந்து விழுந்தது. உள்ளேயிருந்து மாடு அவரைப் பார்த்தது.

அந்த ஒரு நொடி இருக்கிறதே... எங்கள் வீட்டு பாம் ஷெல்ட்டர் யாருக்குப் பயன்படும் என்று அப்போது எனக்குப் புரிந்தது. ஓடிப்போய் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றியது.

முதலில் அவரிடமிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப்போய்ப் பார்த்தால்... சிரிக்கிறார்! மேடையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கிறார். "கரண்டு மெஷினைப் போய்... மஞ்ச தண்ணியில..." என்று சொல்ல வந்து முடிக்க முடியாமல் மறுபடி சிரிக்கிறார். தினேஷ் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவன் அம்மா இப்படிச் சிரித்து அவனே பார்த்ததில்லையாம்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இவரிடம் சொன்னார்:

"நான் சைவம்னு தெரிஞ்சா எல்லாரும் என்ன சொல்லுவாங்க தெரியுமாங்க? 'நீங்கதான் ஒண்ணும் சாப்பிட மாட்டீங்களே'ன்னு சொல்லிட்டு அவங்க சாப்பிட ஆரம்பிச்சிருவாங்க. சொந்தக்காரங்க வீட்லகூட அப்படித்தான். எனக்காக ஒரு டம்ளரைத் தனியா எடுத்து வெச்சவங்க யாருமில்ல. அதான் எங்க போனாலும் பாட்டிலைத் தூக்கிட்டுப் போறேன். நீங்க என்னடான்னா மெஷினையே குளிப்பாட்டி வெச்சிருக்கீங்க."

வறட்டுப் பிடிவாதம் என்று நினைத்து நான் பயந்துகொண்டிருந்த அந்தப் பாட்டில்... பாவம், அது வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"முதல்ல அந்த பிளக்கைப் பிடுங்குங்க. இல்லன்னா சாயந்திரம் வரைக்கும் டப்பு டப்புன்னுதான் இருக்கும். அப்புறம் இலையைப் போடுங்க. பசிக்குது," என்றார்.

பிளக்கைப் பிடுங்கி, மெயின் சுவிட்சைத் தூக்கியதும் விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. ரசம் கொதித்தது. உருளைக்கிழங்கை இவர் கடைசியில் அடுப்பில், புது வாணலியில், யாரு வேணாலும் செய்யலாம் என்று இளக்காரம் பண்ணிய அதே முறையில் வதக்கினார். சிவகாமி அம்மாள் அதை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். "ரொம்ப நல்லாருக்குங்க," என்று பாராட்டு வேறு. இவருக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

சாம்பார், ரசம், பாயசம், மோர். இலையைத் தன் பக்கம் பார்த்து மடித்தார். கையைக் கழுவினார்.

ஆனால் கல்யாணப் பேச்சு? ஒரு வார்த்தை இல்லை! மழை எப்போது வரும் என்று பேசினார். மார்சிலிங்கில் லிஃப்ட் புதுப்பிக்கிற கதையைச் சொன்னார். காவ்யா எனக்குக் கண்ணால் ஜாடை காட்டுகிறாள். நான் இவருக்குக் காட்டுகிறேன்.

"கை நனைச்சிட்டாங்கல்ல? அப்புறம் என்ன?" என்று இவர் என் காதில் கிசுகிசுத்தார்.

"பசிக்குச் சாப்பிட்டாங்களோ என்னவோ!"

அதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். தினேஷ் டாக்சி பிடிக்க முன்னாலேயே கீழே இறங்கினான். நான் அந்த அம்மாளை லிஃப்ட் வரைக்கும் கொண்டுபோய்விட நடந்தேன். கேட்டுவிடலாமா? கேட்டால் தப்பாகிவிடுமோ?

லிஃப்ட் பொத்தானை அமுக்கிவிட்டு, அவர் காரிடாரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அவன் சாப்பிடுவான்னு எனக்குத் தெரியும்."

"யாரு? எதைங்க?" என்றேன், உலகத்திலேயே அப்பாவி நான்தான் என்ற மாதிரி.

"சட்டையைத் துவைக்கிறவ நான். கறி சுட்ட சாத்தே வாசம் எனக்குத் தெரியாதா? வெளிய எங்கயாவது அவசர அவசரமா முழுங்கிட்டு, வாயைக் கொப்பளிச்சுட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி வந்து என்கூட உக்காந்து மோர்சோறு சாப்பிடுவான். பாக்கப் பாவமா இருக்கும். ஆனா என் கையால அதைச் சமைச்சுப் போட எனக்கு வராதுங்க. உங்க வீட்லயாவது உக்காந்து நிதானமா சாப்பிடட்டும்."

லிஃப்ட் வந்தது. உள்ளே போனவர், கதவு மூடாமல் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினார்.

"அந்த விங்ஸுக்கு மிளகு கொஞ்சம் தூக்கலா போடச் சொல்லுங்க, சம்பந்தி. அவனுக்குச் சின்ன வயசிலேருந்தே மிளகுன்னா உயிரு."

கதவு மூடிக்கொண்டது. பாதி காரிடார் திரும்பி நடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது... அந்தச் சுத்த சைவம், கோழிக்கு மசாலா சொல்லி எங்கள் வீட்டுக் கல்யாணத்தை நிச்சயம் பண்ணிவிட்டுப் போயிருக்கிறார்!